சஜ்தாவிலிருந்து எழும்போது தொடை ஒத்துழைக்காவிட்டால்
தசை அழற்சி நோய்களும் உடலின் காவல் படையும்



நம் பகுதிப் பள்ளிவாசல்களில் பின்வரிசை நாற்காலிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகின்றன. அவற்றில் அமர்ந்து தொழுவோரில் பெரும்பாலானவர்களுக்கு மூட்டுத் தேய்மானம். சிலருக்கு இடுப்பு வலி, சிலருக்குச் சர்க்கரையால் கால் மரத்துப்போன நிலை. ஆனால் அபூர்வமாக ஒருவருக்கு மூட்டில் எந்தக் குறையும் இருக்காது. மடக்கினால் மடங்கும், நீட்டினால் நீளும். பெரிதாக வலியும் இருக்காது. இருந்தும் சஜ்தாவிலிருந்து நிலைக்கு எழ முயலும்போது தொடை ஏற்றுக்கொள்ளாது. பக்கத்தில் இருப்பவரின் தோளையோ சுவரையோ பிடித்துத்தான் எழுவார். சில வாரங்களில் தக்பீருக்குக் கையைக் காது வரை உயர்த்துவதே பாரமாகிவிடும். இந்த மாதப் பாடம் அவரைப் பற்றியது.

வயதாகிவிட்டது என்றும் வாதம் என்றும் ஒதுக்கப்படுகிற இந்தத் தளர்ச்சிக்குப் பின்னால் தசை அழற்சி என்ற நோய் இருக்கக்கூடும். ஆங்கில மருத்துவத்தில் இதற்கு மயோசிடிஸ் என்று பெயர். கிருமி தசையைத் தின்பதால் இது வருவதில்லை. கிருமிகளை எதிர்க்க அல்லாஹ் நமக்குள் அமைத்திருக்கும் காவல் படை, ஆள் தெரியாமல் நம் தசையையே தாக்குவதால் வருகிறது. லட்சம் பேரில் ஒரு சிலருக்கே வரும் நோய்தான் என்றாலும் அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதக் காரணம் இருக்கிறது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பலரை இதிலிருந்து மீட்டுவிடலாம். தாமதித்தால் நுரையீரலும் தொண்டையும் சிக்கிக்கொள்ளும்.

2016-இல் வெளிவந்த 'தங்கல்' இந்திப் படத்தில் மல்யுத்த வீராங்கனை பபிதாவின் சிறு வயதுப் பாத்திரத்தில் நடித்த சுஹானி பட்நாகரைப் பலருக்கு நினைவிருக்கும். 2024 பிப்ரவரி 16 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் அந்தப் பெண் இறந்தார். வயது 19 தான். அவருக்கு வந்தது டெர்மட்டோமயோசிடிஸ், அதாவது தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்கும் அழற்சி. இரண்டு மாதங்களுக்கு முன் கையில் வீக்கமாகத் தொடங்கியது, மருத்துவர்கள் பலரைப் பார்த்தும் என்ன நோய் என்று உடனே தெரியவில்லை, பின்னர் நுரையீரலில் தொற்று ஏற்பட்டது என்று பெற்றோர் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். இப்படி ஒரு நோய் இருப்பதே அன்றுதான் நாட்டில் பலருக்குத் தெரிய வந்தது.

காவல் படை வேலை செய்யும் விதம்

முஃமின்களை ஒரே உடலுக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்ட ஹதீஸ் நமக்கெல்லாம் தெரிந்ததே. ஓர் உறுப்பு நோவுற்றால் உடல் முழுவதும் காய்ச்சல் கண்டு விழித்திருக்கிறது என்பது அந்த ஒப்புமை. உடலின் காவல் படை நடந்துகொள்வதும் அப்படித்தான். காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் செய்தி உடல் முழுதும் பரவுகிறது, காய்ச்சல் வருகிறது, வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு விரைகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் அந்தப் போரின் அடையாளங்கள். இதைத்தான் அழற்சி என்கிறோம். அளவோடு இருக்கும் வரை அது அருட்கொடை.

துறைமுகத்துக்குள் வேலைக்குப் போகும் நம் சகோதரர்களுக்கு வாயில் சோதனையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஆளும் போக முடியாது, வண்டியும் போக முடியாது. உடலிலும் அதே முறைதான். நம் செல்கள் தமக்குள் தயாராகும் புரதங்களின் சிறு துண்டுகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. டி செல் எனப்படும் காவலர்கள் அதைத் தடவிப் பார்த்துப் போகிறார்கள். சொந்தச் சரக்கு என்றால் விட்டுவிடுவார்கள். வைரஸின் துண்டு தெரிந்தால் அந்தச் செல்லை அங்கேயே கொன்றுவிடுவார்கள்.

இந்தக் காவலர்களுக்குப் பயிற்சி நடக்கும் இடம் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி. சொந்த உடலையே எதிரியாகக் காணும் டி செல்கள் அங்கேயே கழித்துக் கட்டப்படுகின்றன. அப்படியும் சில தப்பி வெளியே வந்துவிடும். அவற்றைக் கட்டுப்படுத்தவே வேறொரு வகை டி செல்கள் ரத்தத்தில் உலவுகின்றன. காவலர்களைக் கண்காணிக்கும் காவலர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இவற்றைக் கண்டறிந்து விளக்கியதற்காகத்தான் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை அடுக்கு ஏற்பாடும் எங்கோ ஓரிடத்தில் பிசகும்போது பிறப்பவையே தன்னுடல் தாக்கு நோய்கள். எந்த உறுப்பு குறியாகிறதோ அதற்கேற்ப நோயின் பெயர் மாறும். மூட்டு என்றால் முடக்குவாதம், கணையம் என்றால் சிறுவர்களுக்கு வரும் சர்க்கரை நோய், தசை என்றால் மயோசிடிஸ்.

தசைக்குள் நடப்பது

காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். காலெட் பேட்டை என்பதே வாய்வழக்கில் காலடிப்பேட்டை ஆனது. நூல் கற்றையைப் பார்த்தவர்களுக்குத் தசையைப் புரிந்துகொள்வது எளிது. மெல்லிய இழைகள் சேர்ந்து ஒரு கட்டு, கட்டுகள் பல சேர்ந்து ஒரு தசை. கட்டுகளுக்கு இடையே மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் ஓடி உணவு தருகின்றன.

டெர்மட்டோமயோசிடிஸில் அடி முதலில் விழுவது இந்தக் குழாய்கள் மீதுதான். ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் உண்டு. கிருமியின் உறையில் ஓட்டை போட்டுக் கொல்வது அதன் வேலைகளில் ஒன்று. அது இங்கே நம் குழாய்ச் சுவரிலேயே படிந்து ஓட்டை போடுகிறது. குழாய்கள் அழிய, இழைகள் பட்டினி கிடக்கின்றன. கூடவே, வைரஸை எதிர்க்கச் சுரக்க வேண்டிய இன்டர்பெரான் என்ற எச்சரிக்கைப் பொருள், வைரஸே இல்லாத இடத்தில் ஓயாமல் அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருக்கிறது. எடுத்த தசைத் துண்டை நுண்ணோக்கியில் வைத்தால் கட்டின் நடுவிலுள்ள இழைகளைவிட ஓரத்து இழைகளே மெலிந்து காணப்படும். அதைப் பார்த்தே மருத்துவர்கள் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

வேறு சில வகைகளில் டி செல்களே நேராக இழைக்குள் புகுகின்றன. நல்ல தசை இழை, நாம் மேலே சொன்ன அடையாளத் துண்டுகளை ஏறக்குறைய வெளிக்காட்டுவதே இல்லை. அதனால் காவலர் கண்ணில் அது படுவதில்லை. நோயுற்ற இழையோ மேனி முழுதும் அவற்றை ஏந்தி நிற்கிறது. டி செல் நெருங்கி, துளையிட்டு, நஞ்சைச் செலுத்துகிறது. இன்னொரு வகையில் இழைகள் அங்கங்கே செத்துக் கிடக்கும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுவோரில் மிக மிகச் சிலருக்கு, அம்மருந்து கட்டுப்படுத்தும் நொதிக்கு எதிராகவே உடல் எதிர்ப்பொருள் தயாரிப்பதால் இது வருவதுண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். மாரடைப்பைத் தடுக்கும் மருந்து அது. தொடையும் தோளும் தளர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்யட்டும்.

ஏன் இப்படிப் பிசகுகிறது? பரம்பரைக் கூறு கொஞ்சம், வைரஸ் தொற்று, கடும் வெயில், சிலருக்குப் புகைப்பழக்கம், இவை எல்லாம் சேர்ந்துதான் என்று தெரிகிறது. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்வதால் வரும் பிறவித் தசைச் சிதைவு நோய்கள் வேறு, இது வேறு. மயோசிடிஸ் ஒட்டுவாரொட்டி அல்ல. வீட்டில் ஒரு பெண்ணுக்கு இது வந்தது என்பதற்காகத் தங்கைக்கு வரும் சம்பந்தம் தட்டிப்போவது அநியாயம். செய்வினை, கண்ணேறு என்று ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துத் தகடு வாங்குவதும் வீண். துஆ கேளுங்கள், ஓதிப் பாருங்கள், மருத்துவமனைக்கும் போங்கள். மருந்து தேடச் சொன்னவர்களும் நபி (ஸல்) அவர்களே.

'எதிர்ப்பு சக்தி' என்ற பெயரில்

கொரோனாவுக்குப் பிறகு நம் வீடுகளில் எதிர்ப்பு சக்தி என்ற சொல் புழங்காத நாள் இல்லை. உடம்பு தளர்ந்தால் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று நாமே முடிவு செய்து பொடி, லேகியம், டப்பா மருந்து எல்லாம் வாங்குகிறோம். மயோசிடிஸ் நோயாளியின் வீட்டில் இது தலைகீழ் வைத்தியம். அவருக்கு எதிர்ப்பு சக்தி குறையவில்லை, திசை தவறிவிட்டது. அதை மேலும் உசுப்பினால் தாக்குதல்தான் கூடும். ஸ்பைருலினா என்ற பாசி மாத்திரை சாப்பிட்டபின் டெர்மட்டோமயோசிடிஸ் கிளம்பியதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மூட்டு வலிக்கும் உடல் வலிக்கும் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் விற்கப்படும் மாத்திரைகள் இன்னொரு வகை. அவற்றில் சிலவற்றில் ஸ்டெராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் துள்ளி எழச் செய்யும். நோயின் தடயத்தை மறைக்கும். நிறுத்தினால் பழையபடி விழ வைக்கும். பிறகு மருத்துவரிடம் போகும்போது எதைச் சாப்பிட்டோம் என்றே சொல்லத் தெரியாது.

எப்படி அடையாளம் காண்பது

உடலின் நடுப்பகுதிக்கு அருகிலுள்ள பெரிய தசைகளே முதலில் தளர்கின்றன: தொடை, இடுப்பு, தோள், கழுத்து. விரல்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆகவே பேனா பிடிக்க முடியும், பூ கட்ட முடியும். ஆனால் தரையிலிருந்து எழ முடியாது. மாடிப்படியும் பேருந்துப் படியும் மலையாகும். தலை வார, முக்காட்டைச் சரிசெய்ய, மேல் அலமாரியிலிருந்து பாத்திரம் எடுக்கக் கை உயராது. படுத்தபடி தலையைத் தூக்க முடியாது. இவை வாரக்கணக்கில், மாதக்கணக்கில், இரு பக்கமும் ஒன்றாக, மெல்ல மெல்லக் கூடும். ஒரே பக்கம் திடீரென்று விழுந்தால் அது பக்கவாதம். அதற்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. முதிய வயது ஆண்களுக்கு வரும் ஒரு வகை மட்டும் விரல் மடக்கும் தசையையும் சேர்த்துப் பிடிக்கும்.

தோலில் தெரியும் குறிகள் இன்னும் உதவியானவை. கண் இமை மேல் ஊதா நிறம் படர்ந்து வீங்கும். விரல் முட்டிகளின் மேல் தடித்த செம்புள்ளிகள் வரும். கழுத்தின் கீழேயும் தோள் மேலும் சால்வை போர்த்தியது போலத் தடிப்பு தோன்றும். நம் நிறத்துக்கு இவை புத்தகப் படத்தில் இருப்பது போல் சிவப்பாகத் தெரியாது, கருமையாகவோ ஊதாவாகவோதான் தெரியும். கரும்படை, வெயில் ஒவ்வாமை என்று களிம்பு தடவிக் காலம் கடத்த இதுவே காரணமாகிறது. நம் பெண்கள் கையுறையும் முகத்திரையும் போட்டபடி மருத்துவர் முன் அமர்ந்து 'அசதி' என்று மட்டும் சொல்லி வந்துவிடுவதும் உண்டு. மருத்துவத்துக்காகக் காட்டுவதில் தடை இல்லை. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் இமையையும் விரல் முட்டியையும் காட்டாமல் எழுந்து வராதீர்கள். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது.

குழந்தைகளுக்கும் வரும். ஓடிக்கொண்டிருந்த பிள்ளை தூக்கச் சொல்லி அழுதால், தரையிலிருந்து எழும்போது தன் தொடையைத் தானே பிடித்து ஏறுவது போல எழுந்தால், சோம்பேறி என்று திட்டாமல் காட்டிவிடுங்கள். பிறவித் தசை நோயிலும் இப்படித்தான் எழுவார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்ல மருத்துவரால்தான் முடியும்.

விழுங்கும்போது தண்ணீர் மூக்கில் ஏறினாலோ, புரையேறிக்கொண்டே இருந்தாலோ, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கினாலோ, வறட்டு இருமல் விடாமல் இருந்தாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். நுரையீரலைப் பிடிக்கும் வகைகள் இந்த நோயில் உண்டு, சிலருக்கு அது வேகமாகவும் முற்றும்.

பரிசோதனையில் கவனிக்க வேண்டிய ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தசை சிதையும்போது கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் கசியும். சீட்டில் சி.பி.கே. என்று எழுதுவார்கள். ஏறக்குறைய 200-க்குள் இருக்க வேண்டியது ஆயிரக்கணக்கில் போகும். ஆனால் கூடவே எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டும் ஏறும். இவை கல்லீரல் பரிசோதனையில் வருபவை என்பதால், மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் இருப்பார்கள். இந்த இரண்டும் தசையிலும் இருக்கின்றன. பிலிருபின் சரியாக இருந்து, இவை மட்டும் உயர்ந்து, தொடையும் தளர்ந்திருந்தால் 'சி.பி.கே. பார்க்கலாமா டாக்டர்?' என்று கேளுங்கள். ஒரேயொரு கேள்வி பல மாதங்களை மிச்சப்படுத்தும். மூட்டை தூக்குவோருக்கும் கடும் உடற்பயிற்சி செய்வோருக்கும் சி.பி.கே. சற்று உயர்ந்தே இருக்கும் என்பதையும் தங்கள் வேலையையும் மறக்காமல் சொல்லுங்கள். சிலருக்கு நோய் இருந்தும் சி.பி.கே. சரியாக இருப்பதுண்டு. ஆகவே எதிர்ப்பொருள் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., தசைத் துண்டு பரிசோதனை என்று மருத்துவர் மேலே போனால் பணம் பிடுங்குகிறார் என்று எண்ண வேண்டாம். தைராய்டு குறைவு, பொட்டாசியம் குறைவு, வெயிலே படாத நம் பெண்களிடம் அதிகம் காணும் வைட்டமின் டி குறைவு ஆகியவையும் இதே தளர்ச்சியைத் தரும். அவற்றையும் பார்த்துக் கழிக்க வேண்டும். நடுத்தர வயதைக் கடந்தவருக்கு டெர்மட்டோமயோசிடிஸ் வந்தால் உடலில் எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுவார்கள். பயமுறுத்த அல்ல, இரண்டும் சேர்ந்து வருவது நெடுநாளாக அறியப்பட்டது என்பதால்.

மருந்தும் நோன்பும்

முதல் மருந்து ஸ்டெராய்டு. மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், தொற்றுகள் எளிதில் பற்றும். காசநோய் அதிகமுள்ள வடசென்னையில் இருப்பவர்கள், வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இத்தனை இருந்தும் அதைத் திடீரென்று நிறுத்துவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. வெளியிலிருந்து மருந்து வரும் வரை உடலின் சொந்தச் சுரப்பி உறங்கிக் கிடக்கும். ஒரே நாளில் நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே மோசமாகலாம். அளவைப் படிப்படியாக மருத்துவரே குறைப்பார்.

ஸ்டெராய்டு அளவைக் குறைக்க உதவும் மருந்துகளில் மெத்தோட்ரெக்சேட் ஒன்று. அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் வற்றி இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். கர்ப்பமான பெண்களும் பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்களும் இதைச் சாப்பிடக் கூடாது, மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். கடுமையான நிலையில் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி மருந்து ஏற்றுவார்கள். ஆயிரக்கணக்கானோர் கொடுத்த ரத்த நீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் எதிர்ப்பொருள் அது, விலையும் அதிகம். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சேரும்போதே குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துச் சென்று, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் எதற்கெல்லாம் உதவி கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள்.

முன்பெல்லாம் இந்நோயாளிகளை அசையாமல் படுக்கச் சொல்வார்கள். இப்போது அப்படி இல்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவான பயிற்சி தசையைக் கெடுப்பதில்லை, மீட்கிறது என்று சுவீடனில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முடிந்த அளவு நின்று தொழுவதும் முடியாதபோது அமர்ந்து தொழுவதும் மார்க்கம் தந்த சலுகை. யாரும் கேலி பேச இடமில்லை.

ரமலான் வரும்போது பலர் தாமாகவே மருந்தை விட்டுவிடுகிறார்கள். நோயாளி வேறு நாட்களில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்ற அனுமதி குர்ஆனிலேயே, அல்பகரா அத்தியாயத்தில் நோன்பு கடமையாக்கப்பட்ட இடத்திலேயே இருக்கிறது. நோய் தீவிரமாக இருக்கும்போது அந்த அனுமதியை எடுத்துக்கொள்வதே முறை. நோய் அடங்கி, காலையில் ஒரு வேளை மட்டும் ஸ்டெராய்டு எடுப்பவர்கள் அதை ஸஹருக்கு மாற்றலாமா என்று ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்க வேண்டும். களா செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை மருத்துவரின் பதிலோடு இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கே போவது? நமக்கு அருகில் ஸ்டான்லி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவு இருக்கிறது. மூட்டு, தசை, தன்னுடல் தாக்கு நோய்களுக்கென்று தனியான ருமட்டாலஜி துறை, சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இருக்கிறது. காலடிப்பேட்டை மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் சென்ட்ரலில் இறங்கலாம். நிலையத்தில் லிஃப்ட் இருப்பதால் படி ஏற முடியாதவரையும் கூட்டிப்போகலாம். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், புறநோயாளிச் சீட்டுக்கு வரிசை நீளம். பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகள், பெயர் தெரியாத பொட்டல மாத்திரை இருந்தால் அதுவும், ஒன்று விடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். துணைக்கு ஆள் இல்லாத முதியவர்களும் பெண்களும் ஜும்ஆ தொழுகைக்குப் பின் அறக்கட்டளையில் சொன்னால், நம் தன்னார்வலர்களில் ஒருவர் கூட வருவார், இன்ஷா அல்லாஹ்.